எழுவான்கரை வீட்டில் சுருளிலை ஐவி

படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஐவி என்னும் கொடிக்கோ தேரும் வேண்டுவதில்லை, பந்தலும் வேண்டுவதில்லை. தண்டிலிருந்து தோன்றும் நுண்ணிய வேர்களால் சுவரையும் மரத்தையும் தானே பற்றி ஏறவல்லது அது. ஐரோப்பாவும் மேற்காசியாவும் அதன் தாயகம். அதன் வகைகளுள், இலை விளிம்பு அலைபோல் நெளிந்து சுருண்டிருப்பது சாடிகளுக்கு மிக்க எழில் தருவதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியாவுக்குச் சென்ற என் மகள், அத்தகைய செடியொன்றை மடியில் வைத்துக் காத்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தாள். வெயில் படும் முற்றத்தில் அதனை வைத்தோம். வாடக் கண்டதும் நீர் வார்த்தோம். மேலும் வாடவே, மேலும் வார்த்தோம். மூன்றாம் வாரம் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் அழுகிக் கறுத்திருந்தன. “நன்றாகத்தானே பார்த்தோம், அப்பா?” என்று அவள் கேட்டாள். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த குளிர்நிலம். நம் வாவிக்கரையிலோ சித்திரை முதல் ஐப்பசி வரை பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டிச் செல்வது வழக்கம். கச்சான் காற்று வீசும் நாட்களில் இலைகள் விரைவில் உலர்கின்றன. எழுவான்கரையில் கடலின் உப்புக் காற்றும் உண்டு. ஆகவே ஐவியைத் திறந்த நிலத்தில் நடுதல் வீண் முயற்சி. சாடியில் வைத்தால், வேண்டும்போது நிழலுக்கு நகர்த்தலாம்.

வடக்கு நோக்கிய விறாந்தையே அதற்குத் தக்க இடம். காலை வெளிச்சம் போதும். நண்பகல் வெயில் ஆகாது. அடியில் துளையுள்ள மண்சாடியில் தோட்ட மண், ஆற்று மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து இடுக. மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் நீர் வார்க்க வேண்டும். வெப்பத்தால் வாடும் செடிக்கு நீர் மருந்தாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ!

வறண்ட நாட்களில் சிற்றுண்ணிகள் இலையின் அடிப்பக்கத்தில் சேர்ந்து சாற்றை உறிஞ்சும். வாரம் ஒருமுறை இலைகளின் இருபுறத்தையும் நீரால் கழுவுதல் நன்று. சுருளில்லாத சாதாரண இலைகளுடன் ஒரு கிளை தோன்றினால், அதனை உடனே வெட்டி நீக்குக. விட்டால் அதுவே ஓங்கி வளர்ந்து சுருளிலைகளை மறைத்துவிடும். விதையால் இவ்வழகு மாறாமல் வருமென எதிர்பார்த்தல் இயலாது. மார்கழி, தை மாதக் குளிர்ச்சியில் நான்கு அங்குலத் துண்டுகளை நட்டால் எளிதில் வேர்விடும்.

தாய்மார் கருத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. ஐவியின் இலையும் கனியும் உண்ணத் தகாதவை. சாறு பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாகும். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத உயரத்தில் சாடியைத் தொங்கவிடுக. மற்றொன்று, சாடியின் கீழுள்ள தட்டு. அதில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர் என்பதை மறத்தலாகாது. அம்முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தட்டே இல்லாமல் தொங்கவிடுதல் இன்னும் மேலானது.

மகள் நட்ட இரண்டாம் செடி இப்போது எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. மலைநாட்டில் வளர்வதுபோல் அது தழைக்கவில்லை. கச்சான் காலத்தில் சோர்ந்து, மாரி தொடங்கியதும் துளிர்க்கிறது. அன்று அவள் கேட்ட கேள்விக்கு இன்று விடை கூறுவேன்: அன்பில் நாம் குறை வைக்கவில்லை, மகளே. ஆனால் வந்த செடியின் ஊர் எத்தகையது என்று கேட்க மறந்துவிட்டோம்.