பால கந்தர்வரின் பட்டுச் சேலையும் பற்று வரவும்

மும்பையிலும் பூனாவிலும் வாழும் நம் தமிழன்பர்களில் பலருக்குப் பால கந்தர்வர் என்றால் பூனாவில் உள்ள ஒரு நாடக அரங்கின் பெயர். அதற்கு மேல் தெரியாது. ஆணாய்ப் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் பெண்ணாக நின்று, மராத்திய வீட்டுப் பெண்களே பார்த்துச் சேலை கட்டிக்கொள்ளும்படி வாழ்ந்த ஒரு கலைஞரின் பெயர் அது.

அவரை இப்போது நினைக்க ஒரு காரணம் உண்டு. 2010களின் பிற்பகுதியிலிருந்து மும்பை, தில்லி, பெங்களூர் நகரங்களின் இரவு விடுதிகளில் 'டிராக்' என்ற ஆட்டம் பிரபலமாகி வருகிறது. ஆண்கள் பெண் வேடம் பூண்டு, பெரிய கொண்டையும் மினுமினுக்கும் உடையுமாக வந்து ஆடிப் பாடுகிறார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவு குறித்துத் தீர்ப்பு சொன்ன பிறகு இது இன்னும் வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் கடைக்கு வருகிற பெரியவர்கள் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது ஐயா" என்கிறார்கள். அப்படியா என்று பார்க்க வேண்டாமா?

நம் சிலப்பதிகாரத்தைத் திறந்தால் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் ஒன்று பேடு. வாணாசுரன் ஊரில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடிய ஆடல் அது. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத் தெருவில் இந்தப் பேடிக் கூத்தைச் சனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அங்கே சாத்தனார் தரும் வருணனையை ஊன்றிப் படிக்க வேண்டும். பூ முடித்த கூந்தல், சிவந்த வாய், நீண்ட கண், காதில் வெண்தோடு எல்லாம் உண்டு. கூடவே சுருண்ட தாடியும் உண்டு! தாடியை மழிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் தெரிவதுதான் அந்தக் கூத்தின் ரசமே. இன்றைய இரவு விடுதி டிராக்கிலும் பெரும்பாலும் இதே சங்கதிதான். பார்க்கிறவனுக்கு உள்ளே இருப்பது ஆண் என்று தெரியும். தெரிந்துதான் கைதட்டுகிறான்.

(வேடம் என்பது வேறு, திருநங்கையரின் வாழ்வு என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

பால கந்தர்வர் செய்தது இதற்கு நேர் எதிர். ஆண் என்ற அடையாளம் துளியும் தெரியக் கூடாது என்பது அவர் வழி. அந்த வழிக்கு ஆகிற செலவு என்ன, அது எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் ஒரு துணி வியாபாரியின் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அவர் இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ். 1888 ஜூன் 26இல் பிறந்தவர். சிறுவனாக அவர் பாடியதைக் கேட்ட லோகமான்ய திலகர் 'பால கந்தர்வன்' என்று சொன்னது அப்படியே பெயராக நிலைத்துவிட்டது. அப்போது மராத்தி மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. நடித்தால் குடும்பத்துப் பெண்கள் கொட்டகைக்கே வரமாட்டார்கள் என்ற காலம். கிர்லோஸ்கர் நாடகக் கம்பெனியில் கதாநாயகி வேடம் கட்டிப் புகழ்பெற்ற பாவுராவ் கோல்ஹட்கர் 1901இல் காலமானார். அந்தக் காலி இடத்துக்கு 1905இல் வந்து சேர்ந்தவர் நாராயணர். முதல் வேடம் சகுந்தலை. சங்கீதத்தில் பாஸ்கர்புவா பகலே அவருக்கு குரு.

நம் பக்கத்தில் இதை 'ஸ்திரீ பார்ட்' என்பார்கள். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் சீதை வேடம் கட்டியவர்தான். 'அவ்வை' சண்முகத்துக்கு அந்தப் பட்டம் வந்ததே கிழவி வேடத்தால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிகப் பழைய மராத்தி நாடகங்கள் சில எழுதப்பட்டது மராத்திய நாட்டில் அல்ல, நம் தஞ்சாவூரில், போன்ஸ்லே மன்னர் சகஜியின் அரண்மனையில். கொடுக்கல் வாங்கல் பழையது.

1911 மார்ச் 12. காடில்கர் எழுதிய 'மானாபமான்' நாடகம் மும்பையில் அரங்கேறும் நாள். அன்றைக்குப் பால கந்தர்வரின் கைக்குழந்தை இறந்துவிட்டது. நாடகத்தைத் தள்ளி வைக்கலாம் என்று மற்றவர்கள் சொல்ல, வேண்டாம் என்று சொல்லி பாமினி வேடம் கட்டி மேடை ஏறினார். மராத்திய நண்பர்கள் இதைக் கலைப்பற்றுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வேறொன்றும் தோன்றும். பெண்ணாய் நிற்கத் தெரிந்த ஒரு ஆளை நம்பி ஒரு கம்பெனி முழுவதன் சோறும் இருந்தது. அவர் மேடை ஏறாவிட்டால் திரை ஏறாது. மகளுக்கு அழக்கூட அந்த வேடம் அவரை விடவில்லை.

1913இல் கோவிந்தராவ் டெம்பே, கணபதராவ் போடஸ் இருவரோடும் சேர்ந்து கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கினார். 1916இல் 'சுயம்வர்' ருக்மிணி, 1919இல் 'ஏகச் ப்யாலா' நாடகத்தில் குடிகாரன் மனைவி சிந்து, 1920இல் திரௌபதி. ராத்திரி தொடங்கும் நாடகம், 'ஒன்ஸ் மோர்' கேட்டுக் கேட்டு ஒரே பாட்டைப் பலமுறை பாடி, விடியும்வரை போகும். இன்றைய இரவு விடுதிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய கூட்டம்.

இனி கணக்குக்கு வருவோம். வேடத்துக்குப் போலி ஜரிகை, கண்ணாடிக் கல் என்று பால கந்தர்வர் ஏற்கமாட்டார். அசல் பட்டு, உயர்ந்த நகை, விலையுயர்ந்த அத்தர். தபலாவுக்கு அகமத் ஜான் திரக்வா போன்ற மேதையைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாய்ப் பட்டு விற்கிறவன் சொல்கிறேன்: ஒன்பது கஜம் பைத்தணிச் சேலை என்பது லேசுப்பட்ட சரக்கில்லை. பெட்டியில் இருக்கும்வரைதான் அது முதல். விளக்கு வெளிச்சத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஓர் ஆண் உடம்பின் வேர்வையில் நனைந்தால் ஜரிகை கருக்கும், மடிப்பில் பட்டு இற்றுப்போகும். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அதைப் பாதி விலைக்குக்கூட எடுக்கமாட்டார்கள். முதலாய் எழுத வேண்டியதை அவர் செலவாக்கிக்கொண்டே போனார். கூட்டாளிகள் சில ஆண்டுகளில் விலகிப்போனார்கள். 1921இல் கம்பெனி பெருங்கடனில் நின்றது, பொறுப்பெல்லாம் அவர் தலையில்.

ஆனாலும் அதே 1921 ஜூலை 8இல், திலகர் சுயராஜ்ய நிதிக்காக, போட்டிக் கம்பெனிக்காரரான கேசவராவ் போஸ்லேயோடு ஒரே மேடையில் 'மானாபமான்' நடித்துக் கொடுத்தார். தன் வீட்டில் கடன்காரன் நிற்க, தேசத்துக்குப் பணம் திரட்டிய மனிதர். வியாபாரி என்ற முறையில் நான் இதை ஒப்பமாட்டேன். மனுஷன் என்ற முறையில் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பட்டும் அத்தரும் வீண் ஆடம்பரம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறைக்கும் கலைக்கு அவை மூலதனம். முன் வரிசையில் உட்கார்ந்த சீமாட்டிகள் பட்டின் தரத்தைக் கண்ணால் எடை போடுகிறவர்கள். சேலை போலி என்று ஒருத்தி கண்டுபிடித்தால், அடுத்து கட்டியிருப்பவனும் போலி என்பது நினைவுக்கு வந்துவிடும்.

அந்த மறைப்பைக் கடன் உடைக்கவில்லை. வயதும் காமிராவும்தான் உடைத்தன. 1931இல் 'ஆலம் ஆரா', 1932இல் மராத்தியில் 'அயோத்தியேச்சா ராஜா' என்று பேசும்படம் வந்துவிட்டது. 1933இல் 'ஆந்தள்யாஞ்சி சாளா' நாடகத்தில் ஜ்யோத்ஸ்னா போளே போன்ற பெண்களே பெண் வேடத்தில் வந்தார்கள், குடும்பங்களும் வந்து பார்த்தன. 1935இல் பால கந்தர்வர் பிரபாத் கம்பெனியின் 'தர்மாத்மா' படத்தில், சாந்தாராம் இயக்கத்தில், ஆணாகவே, ஏகநாதராக நடித்தார். மனம் கேட்கவில்லை. 1937இல் 'சாத்வி மீராபாய்' படத்தில் மறுபடி பெண் வேடம். வயது நாற்பத்தொன்பது. மேடையில் பத்து கஜ தூரம் காப்பாற்றிய கன்னத்தையும் கழுத்தையும் காமிரா முகத்தருகே வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. படம் ஓடவில்லை.

புகார் தெருவில் ஆடிய பேடிக்கு இந்தக் கஷ்டமில்லை. தாடி நரைத்தாலும் அவன் ஆட்டம் ஆட்டம்தான், நரைத்த தாடியே ஒரு நகைச்சுவையாகியிருக்கும். பால கந்தர்வர் கட்டியது ஓர் இளம்பெண். அவளுக்கு வயதாக அனுமதியில்லை.

பின்னாளில் கோஹர் கர்நாடகி என்ற பாடகி அவர் கம்பெனியில் சேர்ந்து நாயகி வேடங்களை ஏற்றார். பால கந்தர்வர் பாடும் முறையை அப்படியே பாடக்கூடியவர். ஆண் பெண்ணாய்ப் பாடியதை ஒரு பெண் கற்றுப் பாடினார்! 1951இல் இருவரும் மணந்துகொண்டார்கள். பழைய ரசிகர்கள் பலர் அந்த அம்மாளை ஏசினார்கள். கால் விளங்காமல் கிடந்த கடைசி வருஷங்களில் அவரைப் பார்த்துக்கொண்டவரும் அந்த அம்மாள்தான். 1964இல் பத்மபூஷண் வந்தது. 1967 ஜூலை 15இல் பூனாவில் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1968இல், ஜங்க்லி மகாராஜ் சாலையில் அவர் பெயரால் அரங்கு திறக்கப்பட்டது. அந்த அரங்குக்காக ஓவியர் கோபால் தேவுஸ்கர் அவரை இரண்டு ஆளுயரப் படங்களாக வரைந்தார். ஒன்றில் ஆண், மற்றதில் சேலை கட்டிய நாயகி.