நோட்டரி முத்திரை எதற்குச் சாட்சி?

20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த ஒப்பந்தம், பக்கத்துக்குப் பக்கம் வட்ட முத்திரை, அடியில் நோட்டரியின் கையெழுத்து. இவ்வளவும் இருந்தால் மனை தங்கள் பெயருக்கு வந்துவிட்டது என்று நம்பி, சேமிப்பையெல்லாம் கொடுத்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனை வருவதில்லை. நிலமோ வீடோ விலைக்குக் கைமாற வேண்டுமானால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துச் சொத்துரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாக்கிவிட்டது. முத்திரைத்தாளில் 'எழுதி வாங்கிக்கொள்ளும்' விவாகரத்தும் அப்படித்தான். நோட்டரிக்கு அந்த அதிகாரமே கிடையாது.

அப்படியானால் அந்த முத்திரை எதற்கு என்று கேட்கலாம். 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்கீழ் மத்திய, மாநில அரசுகள் நியமிக்கும் நோட்டரிகள் பெரும்பாலும் நீண்டகாலம் தொழில் செய்த வழக்கறிஞர்கள். வந்திருப்பவர் இன்னார்தான் என்று பார்த்து, தம் முன்னால் கையெழுத்து வாங்கி, பிரமாணம் செய்வித்து, பதிவேட்டில் ஏற்றுவது அவர்கள் வேலை. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது கையெழுத்திட்டவர் பொறுப்பு. இது சிறிய காரியமல்ல. நோட்டரி முன் எழுதப்பட்டு அவர் சான்றளித்த பவர் பத்திரம், முறைப்படி எழுதப்பட்டதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 'அது என் கையெழுத்தே இல்லை' என்று பின்னால் எளிதில் கைவிரிக்க முடியாது.

தெரிந்த வழக்கறிஞர் வழியாக வரும் தாள்தானே, ஆள் நேரில் வரத்தான் வேண்டுமா என்று சிலர் வாதிடுகிறார்கள். நீதிமன்ற வளாகத்தின் அவசரம் புரிகிறது. ஆனால் இந்தச் சலுகையை ஏற்பதற்கில்லை. நோட்டரி சாட்சி சொல்வதே ஆள் வந்தார், கையெழுத்திட்டார் என்பதற்குத்தான். அதுவும் பொய்யானால் முத்திரையில் மிஞ்சுவது மை மட்டுமே. இலங்கையில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு குழப்பமும் நேரும்: அங்கே காணி உறுதியே நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு நிறைவேற்றப்படுகிறது. அந்தப் பழக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

நோட்டரியிடம் போகும்போது அசல் அடையாள அட்டையோடு நேரில் போங்கள். பதிவேட்டில் கையெழுத்திட்டு, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனை வாங்குவதாக இருந்தால் வில்லங்கச் சான்று பார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்யும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.