வீட்டுப் பட்டறை - 14: ‘எத்தனை வாட்?’ என்பது இரண்டாவது கேள்வி

சென்ற வாரம் பார்த்த 3டி பிரிண்டர், பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்கி ஒரு பொருளை வளர்க்கும். இந்த வாரம் பார்க்கப்போகும் லேசர் மெஷின் அதற்கு நேர்மாறு. இருக்கிற பொருளைச் சுட்டு, வேண்டாததை நீக்கும். மேலாகச் சுட்டால் எழுத்தும் படமும். அடிவரை சுட்டால் வெட்டு. வாசலுக்குப் பெயர்ப் பலகை, சாவிக்கொத்து, குழந்தைகளுக்குப் புதிர்ப் பலகை, கொலுவில் வைக்க ஒரு பிளைவுட் கோபுரம் என்று வீட்டிலிருந்தபடியே செய்துபார்க்க நிறைய இருக்கிறது.

வாங்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது, “எத்தனை வாட்?” கடைக்காரர் சொல்வது, “நாப்பது வாட் சார், எல்லாத்தையும் வெட்டும்.” இதில் ‘எல்லாத்தையும்’ நிச்சயமாகத் தவறு. ‘நாப்பது’ பல சமயம் தவறு.

முதலில் ‘எல்லாத்தையும்’. லேசர் வெட்ட வேண்டுமானால், அந்த ஒளியைப் பொருள் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால்தான் சூடு பிறக்கும். ஒளியை ஊடுருவ விட்டாலோ திருப்பியடித்தாலோ, எத்தனை வாட் இருந்தும் பயனில்லை. எந்தப் பொருள் எதை உறிஞ்சும் என்பது ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்தது. அதனால்தான் சந்தையில் மூன்று வகை மெஷின்கள் இருக்கின்றன.

விலை குறைந்தது டயோடு லேசர். ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. மரம், அட்டை, தோல், கறுப்பு அக்ரிலிக் ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் நிறமற்ற கண்ணாடி அக்ரிலிக்கை வைத்தால், ஒளி அதைத் தாண்டிப்போய் கீழே இருக்கும் மேசையைக் கருக்கும். அக்ரிலிக் அப்படியே இருக்கும். நீல அக்ரிலிக்கும் இதற்கு மசியாது.

அடுத்தது கார்பன்-டை-ஆக்சைடு லேசர். தியோடர் மைமன் 1960இல் கலிஃபோர்னியாவில் முதல் லேசரை எரியவிட்ட நான்கே ஆண்டுகளில், 1964இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரத்தோடு எந்த நிற அக்ரிலிக்கையும் வெட்டும், கண்ணாடியில் பொறிக்கும். ஊரில் அக்ரிலிக் போர்டு செய்கிற கடைகளில் ஓடுவது இதுதான்.

மூன்றாவது ஃபைபர் லேசர், 1,064 நானோமீட்டர். பித்தளை, ஸ்டீல் போன்ற உலோகங்களில் பொறிக்க ஏற்றது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் கடை வைப்பவருக்கு இது சரி. மரவேலை ஆசையோடு தொடங்குபவருக்கு அல்ல.

இப்போது ‘நாப்பது’. பல டயோடு மெஷின்களின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளியே வரும் ஒளியின் சக்தி அதில் சிறு பங்குதான். 40 வாட் என்று விற்பது உண்மையில் 5 வாட் ஒளியாக இருக்கலாம். ஒரு நீல டயோடு தருவதே சுமார் 5 வாட். இரண்டின் கதிர்களை ஒன்று சேர்த்து 10, நான்கைச் சேர்த்து 20 என்று கூட்டுகிறார்கள். ஆகவே ‘ஆப்டிகல் பவர் எவ்வளவு?’ என்று கேளுங்கள். 5 வாட்டில் பொறிப்பு அருமையாக வரும், 3 மி.மீ. பிளைவுட்டை வெட்ட அதே கோட்டில் பலமுறை ஓட்ட வேண்டும். 10 வாட் அதை ஓரிரு ஓட்டத்தில் முடித்துவிடும்.

பிளைவுட்டிலும் வகை பார்க்க வேண்டும். தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகத்தின் ஃபீனாலிக் பசை கருகி நின்றுகொண்டு கதிரை உள்ளே விடாது. விலை குறைந்த எம்.ஆர். ரகம்தான் லேசருக்கு நல்லது.

அப்படியானால் நேராக கார்பன்-டை-ஆக்சைடு மெஷினையே வாங்கிவிடலாமே? வாங்கலாம், கூட வருவதற்கும் தயாராக வேண்டும். அதன் இதயம் ஒரு கண்ணாடிக் குழாய். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும், நாளடைவில் தேய்ந்துபோகும், ஓடும்போதெல்லாம் தண்ணீரால் குளிர வேண்டும். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கிடுகிறது. மலிவாகக் கிடைக்கும் சி.டபிள்யூ-3000 வகை கூலரில் இருப்பது விசிறியும் ரேடியேட்டரும் மட்டுமே. அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரை அதனால் குளிர்விக்க முடியாது. சென்னையின் மே மாதத்தில் குழாய்க்கு வேண்டிய குளிர்ச்சி கிடைக்காது. கம்ப்ரசர் உள்ள சில்லர் வேண்டும். அது தனிச் செலவு.

எந்த வகையானாலும் கண்ணும் மூச்சும் முக்கியம். அரை வாட்டைத் தாண்டினாலே லேசர், ஆபத்தின் உச்ச வகுப்பான நான்காம் வகுப்பில் சேர்ந்துவிடும். நீல ஒளி விழித்திரைவரை போய்ச் சுடும். பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் கதிரும் போதும். கார்பன்-டை-ஆக்சைடு லேசரின் அகச்சிவப்பு கருவிழியைச் சுடும். ஒன்றுக்கான பாதுகாப்புக் கண்ணாடி மற்றதற்கு உதவாது. அதில் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் திறந்த சட்டம் கொண்ட மெஷினே வேண்டாம். முழுக்க மூடிய, கதவைத் திறந்தால் கதிர் நின்றுவிடும் பெட்டிதான் சரி. புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ளும் விசிறியும் குழாயும் கட்டாயம். எரிகிற இடத்தில் காற்றை ஊதும் ஏர் அசிஸ்ட் இருந்தால் கருகலும் தீப்பிடிக்கும் அபாயமும் குறையும். ஆனாலும் மெஷின் ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

பி.வி.சி. எந்த வடிவில் வந்தாலும் உள்ளே வைக்காதீர்கள். ரெக்ஸின், சன்போர்டு, மரம்போலவே தோன்றும் மல்டிவுட் எல்லாம் பெரும்பாலும் அதுதான். சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலை எரிக்கும், மெஷினையும் துருவேற்றும். சந்தேகம் வந்தால், காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். தழல் பச்சையானால் உள்ளே குளோரின் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தப் பொருளை ஒதுக்கிவிடுங்கள்.

இனி முடிவு. மரம், அட்டை, தோல் போதும் என்பவருக்கு 10 வாட் ஒளி தரும், மூடிய பெட்டியுள்ள டயோடு மெஷின். இலவச லேசர்ஜிஆர்பிஎல் மென்பொருளோடு அது ஒத்துப்போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். தன் செயலியில் மட்டுமே ஓடும் மெஷின், கம்பெனி கைவிட்ட நாளில் வெறும் இரும்பு. நிறமற்ற அக்ரிலிக்கும் கண்ணாடியும் வேண்டுமென்றால் கார்பன்-டை-ஆக்சைடு, சில்லரோடு. புகையை வெளியேற்ற ஜன்னல் இல்லாத அடுக்குமாடி வீடா? இப்போதைக்கு எதுவும் வேண்டாம். வரைபடத்தை மட்டும் நீங்கள் போட்டு, பக்கத்து போர்டு கடையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். வடிவமைக்கும் கை பழகிவிடும். எந்தப் பொருள் உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பதும் பில்லிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: மெஷின் வந்துவிட்டது. வேகம், பவர், ஓட்டம் மூன்றையும் ஒரே துண்டுப் பலகையில் சோதித்து அறிவது எப்படி?