அவள் தரப்பில் அமர ஒருவர்

இல்லறத்தில் பிணக்கு எழாத வீடு உலகில் இல்லை. ஓலைக் குடிசையிலும் எழும். மாடி வீட்டிலும் எழும். எழுந்த பிணக்கை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு முஸ்லிம் சமுதாயத்திற்குத் திருமறையே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 'அந்நிஸா' என்னும் நான்காம் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம், கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு மத்தியஸ்தரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு மத்தியஸ்தரையும் ஏற்படுத்துமாறு பணிக்கிறது. ஒருவரல்லர், இருவர். அவ்விருவரிலும் ஒருவர் பெண்ணுடைய வீட்டார். இந்நாளில் 'கவுன்சலிங்' என்று பலகை மாட்டிச் செய்யப்படும் காரியத்தின் வித்து, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டது என்பதில் ஐயமில்லை. அந்த இரண்டாவது மனிதர் நம் மும்பை வீடுகளில் எங்கே போனார் என்பதே இக்கட்டுரையில் நான் கேட்க விரும்புவது.

ஊரில் அவரைத் தேட வேண்டியதில்லை. மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ பெண் கொடுத்த வீடும் கொண்ட வீடும் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். அங்கே கணவன் குரலை உயர்த்தினால் அடுத்த அறையில் மாமனார் இருமுவார். அந்த ஓர் இருமல் பல வழக்குகளைத் தீர்த்து வைத்திருக்கும்!

மும்பை வாழ்க்கையின் அமைப்பே வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நம்பி வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் குடியேறியது பழைய கதை. அப்பகுதியின் பெரிய பள்ளிவாசல் 1887-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. இத்தனை தலைமுறை கடந்தும் பெண் எடுப்பது மட்டும் பெரும்பாலும் ஊரிலிருந்துதான். நிக்காஹ் முடிந்த கையோடு, பத்தொன்பது இருபது வயதுப் பெண் இரண்டு இரவுகள் இரயிலில் பயணம் செய்து தாராவியிலோ குர்லாவிலோ நம் செம்பூர்ப் பக்கத்திலோ ஓர் அறை வீட்டுக்குள் வந்து சேர்கிறாள். இந்தியும் மராத்தியும் அவளுக்குத் தெரியாது. கடைத்தெருவுக்குப் போவதற்கும் துணை வேண்டும். "செல்பேசி இருக்கிறதே, உம்மாவிடம் பேசலாமே" என்பர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மாமியார் காதுக்கு எட்டாமல் பேச இடம் எது?

கணவன் நிலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டறையிலோ கடையிலோ பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, ஊரில் பெற்றோருக்கும் மணமாகாத தங்கைக்கும் பணம் அனுப்பி, மிச்சத்தில் வாடகை கொடுப்பவன் அவன். அவன் மனத்தில் உள்ளதைக் கேட்கவும் ஆளில்லை. நண்பர்களிடம் சொன்னால் கேலியாகும். தாயிடம் சொன்னால் சண்டையாகும். சினம் எங்கே இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தோடு கைக்கூலிப் பேச்சும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மார்க்கம் மணமகனை மஹர் கொடுக்கச் சொல்கிறது. நம்மவரோ பதிவேட்டில் சிறு தொகையை மஹராக எழுதிவிட்டுப் பதிவேட்டில் ஏறாத பெருந்தொகையைப் பெண் வீட்டாரிடம் பெறுகின்றனர். பிற்பாடு பல வீடுகளில் வெடிக்கும் பூசல்களுக்கு அந்த எழுதாத தொகையே மருந்து திணித்த திரி.

இத்தகைய வழக்கு ஒன்று ஜமாஅத்தின் முன் வரும்போது விந்தையான நிலை ஏற்படுகிறது. நிக்காஹ் பதிவேடு ஊர்ப் பள்ளிவாசலில் இருக்கிறது. தம்பதிகள் இங்கே இருக்கின்றனர். ஊர் ஜமாஅத்தார், "மும்பையில் நடந்ததை அங்கேயே பேசித் தீருங்கள்" என்கின்றனர். இங்குள்ளவர்கள், "உங்கள் ஊர்த் தப்தரில் பதிந்த திருமணம், அங்கே போய்ப் பேசுங்கள்" என்கின்றனர். எங்கள் இரயில்வேயில் இப்படி உண்டு: அனுப்பிய நிலையம் சேர வேண்டிய நிலையத்தைக் காட்டும், சேர வேண்டிய நிலையம் அனுப்பிய நிலையத்தைக் காட்டும், சரக்கு நடுவழியில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். பண்டிகையுமில்லை, பள்ளி விடுமுறையுமில்லை, கைக்குழந்தையுடன் ஒரு பெண் தனியே வந்து தென்னாட்டுக்குப் பயணச்சீட்டுக் கேட்பதைச் சில சமயம் சாளரத்தின் இப்புறமிருந்து பார்க்கிறேன். திரும்பி வரவும் இப்போதே பதிவு செய்யலாமா என்று வழக்கம் போல் கேட்டால், அவள் விடை சொல்வதில்லை.

பெண் தன் குறையைத் தானே எடுத்துரைக்கலாமா என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்குத் திருமறையின் 58-ஆம் அத்தியாயத்தின் பெயரே விடையாகும். 'அல்முஜாதிலா' என்றால் வாதாடியவள் என்பது பொருள். கவ்லா பின்து தஃலபா என்னும் மாது, தன் கணவர் தன்னைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கி வைத்துவிட்டதை நபிகள் நாயகத்திடம் (ஸல்) நேரில் வந்து முறையிட்டார். அறியாமைக் காலத்து அவ்வழக்கப்படி, மனைவி வாழவும் முடியாது, விடுதலை பெற்று வேறிடம் செல்லவும் முடியாது. அம்மாது எளிதில் ஓயவில்லை. மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்னார். அதன் பேரில் இறங்கிய வசனங்கள் அவ்வழக்கத்தைக் கண்டித்தன. மனைவியை மீண்டும் அணுகுமுன் கணவன் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இயலாதவன் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். அதற்கும் இயலாதவன் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்று பரிகாரம் விதித்தன. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அதே மூதாட்டி வழியில் நிறுத்தி நெடுநேரம் பேசியதாகவும், உடன் வந்தவர் முகம் சுளித்தபோது, இறைவனே செவிசாய்த்த பெண்ணின் சொல்லை உமர் கேளாதிருப்பதா என்ற கருத்துப்பட கலீஃபா கூறியதாகவும் வரலாறு உண்டு.

இந்த வரலாற்றை மேடைகளில் விரித்துரைக்கும் நம்மவர், ஜமாஅத் கூடும்போது மட்டும் பெண்ணை வெளியே நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்? தமிழ்நாட்டில் ஜமாஅத் கூடுவது பள்ளிவாசலில். பல ஊர்களில் பெண்கள் அங்கே வருவதில்லை. அவள் வழக்கை அவளுடைய தந்தையோ சகோதரனோ பேச வேண்டும். தந்தை இறந்து, சகோதரனும் இல்லாதவள் வழக்கை எவர் பேசுவர்? கணவன் சொன்னதே தீர்ப்பாகிவிடும்.

இக்குறையைக் கண்டு துணிந்து எழுந்தது புதுக்கோட்டை. அலிகாரில் பயின்ற தாவூத் ஷரீபா கானம், 1991-இல் அங்கே 'ஸ்டெப்ஸ்' என்னும் பெண்கள் நிறுவனத்தைத் தொடங்கினார். துன்புற்ற பெண்கள் பல சமயத்தவரும் அவரிடம் வந்தனர். அவர்களுள் முஸ்லிம் பெண்கள், காவல் நிலையத்திற்குப் போனால் "ஜமாஅத்தில் பேசுங்கள்" என்றும், ஜமாஅத்திற்குப் போனால் "ஆண்களை அனுப்புங்கள்" என்றும் திருப்பப்பட்டவர்கள். 2004-இல் பெண்களே கூடிப் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை ஏற்படுத்தினர். அதன் நடைமுறை எளியது. மனுக் கொடுத்தவள் நேரில் வந்து பேசுகிறாள். அவள் கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் செய்தி அனுப்பி அவர்கள் தரப்பையும் கேட்கின்றனர். வராதவர் ஊருக்கே சென்று பார்க்கின்றனர். உள்ளூர் ஜமாஅத்தாரிடம் பேசுகின்றனர். அவசியமானால் காவல் துறையையும் நாடுகின்றனர். சேர்ந்து வாழ வழியுண்டெனில் சேர்த்து வைக்கின்றனர். இல்லையெனில் கொடுத்த நகையையும் பணத்தையும் மஹரையும் மீட்டுத் தர முயல்கின்றனர். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசலும் எழுப்புவோம் என்று அவர்கள் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று.

தீபா தன்ராஜ் இவர்களைப் பற்றி 2011-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 12 மாவட்டங்களில் 12,000 பெண்கள் உறுப்பினராக இருந்ததாகவும், அதுவரை 8,000-க்கு மேற்பட்ட வழக்குகள் தீர்க்கப்பட்டதாகவும் அப்படத்தின் குறிப்பு கூறுகிறது. பெண்கள் கூடி நடத்துவது ஜமாஅத்தே அன்று, அதற்கு மார்க்க அதிகாரம் ஏது என்று வாதிடுவோர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. அவ்வெண்ணாயிரம் பேரையும் உட்கார வைத்துக் கேட்க ஊர்தோறும் இருந்த ஜமாஅத்துகளுக்கு அதிகாரமும் இருந்தது, இடமும் இருந்தது. மனம் இருந்திருந்தால் புதுக்கோட்டைக்கு அவர்கள் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

சட்டத்தின் நிலையையும் அன்பர்கள் அறிந்திருப்பது நலம். உச்ச நீதிமன்றம் 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில், தக்க காரணம் இருந்தாலொழியவும், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு மத்தியஸ்தர் அமர்ந்து சமாதானம் செய்ய முயன்று தோற்றாலொழியவும் தலாக் செல்லாது என்று கூறியது. திருமறையின் அந்த இருவர் இந்நாட்டுச் சட்டத்திலும் இடம் பெற்றுவிட்டனர்! 2017 ஆகஸ்ட் 22-இல் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. கணவன் சிறையிலிருந்தால் அடுப்பு எரிவது எப்படி என்று பெண்களே கேட்கிறார்கள், அக்கேள்வி நியாயமானதே. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழும் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது ஒரு பழைய சட்டம்: கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிடினும், இரண்டு ஆண்டுகளாக அவன் செலவுக்குக் கொடாவிடினும், கொடுமை செய்யினும் மனைவி நீதிமன்றம் வழியே விவாக விடுதலை பெறலாம் என்று 1939-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வளைகுடாவுக்குச் சென்று கடிதமும் பணமும் நின்றுபோன கணவன்மார்களின் மனைவியருள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மும்பையில் உதவி இல்லாமல் இல்லை. நமக்கு அருகிலுள்ள தேவனாரின் டாட்டா சமூகவியல் நிறுவனத்தார் 1984-இல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர். சமூகப் பணியாளர்கள் காவல் நிலையத்துக்குள் அமர்ந்து துன்புற்ற பெண்ணின் சொல்லைக் கேட்கும் அம்முறை பின்னர் மாநிலமெங்கும் பரவியது. தாராவியில் 1999-இல் தோன்றிய 'ஸ்நேஹா' நிறுவனம் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை தருகிறது. பாந்த்ராவின் குடும்ப நீதிமன்றத்தில் எல்லாச் சமயத்தாரும் வழக்கிடலாம். விசாரணைக்கு முன் இருவரையும் அழைத்துப் பேச ஆலோசகர்களும் அங்குண்டு. 181 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தாலும் உதவி பெறலாம். ஆயினும், ஊரிலிருந்து வந்த பெண் இவ்விடங்களில் எந்த மொழியில் பேசுவாள்? தெரியாத மொழியில் அழத்தான் முடியும். நடந்ததைச் சொல்ல முடியாது. கூட வந்து மொழிபெயர்ப்பவன் கணவனின் தம்பியாக இருந்தால், அவள் சொன்னது வேறு, எழுதப்படுவது வேறு ஆகிவிடும்.

கடல் கடந்த நம்மவர் இருக்கும் சிங்கப்பூரில் என்ன செய்கின்றனர் என்று பார்க்கலாம். அங்கே ஷரீஅத் நீதிமன்றம் 1958-இல் ஏற்பட்டது. கணவனுக்கு ஒருவர், மனைவிக்கு ஒருவர் என இரு 'ஹக்கம்'களை நியமிக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இயன்றவரை நெருங்கிய உறவினரையே நியமிக்க வேண்டுமென்பது விதி. உறவினர் கிடைக்காவிடில் பிறரையும் நியமிக்கலாம். உறவினர் தொலைவில் இருக்கிறார் என்பதற்காகப் பெண்ணின் நாற்காலி காலியாக விடப்படுவதில்லை. மலேசியாவிலோ இதற்கு முன்படியிலேயே தொடங்குகின்றனர்: முஸ்லிம் மணமக்கள் திருமணத்திற்கு முன் இல்லறம் பற்றிய வகுப்பில் பயின்று சான்றிதழ் பெற வேண்டும்.

நம் சங்கத்தாரின் முன் வைக்க எனக்குள்ள யோசனை சிறியது. சங்க உறுப்பினருள் வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணிகள் இருவரும், ஆடவர் இருவரும் ஞாயிறு மாலைகளில் சங்கத்து அறையில் இருக்கலாம். வாப்பாவும் காக்காவும் ஊரில் இருக்கும் பெண்ணுக்கு, அவள் தரப்பில் அமர ஒருவர் அங்கே கிடைப்பார். இந்து, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் வந்தாலும் கதவை மூட வேண்டியதில்லை. துன்பம் சமயம் கேட்டு வருவதில்லை. நீதிமன்றத்துக்கோ காவல் நிலையத்துக்கோ செல்ல நேர்ந்தால் இந்தியோ மராத்தியோ தெரிந்த தமிழ்ப் பெண் ஒருவர் துணை போக வேண்டும். அவர் எத்தரப்பு உறவினராகவும் இருத்தல் கூடாது.

அவ்வறையில் அமர்வோருக்குச் சில வரையறைகளும் வேண்டும். முதல் நாள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் பெண் வாய் திறக்க மாட்டாள். தனித்தனியே கேட்க வேண்டும். கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அடுத்த ஞாயிறு எவரும் வாரார். செலவுக் கணக்கிலோ மாமியார் மருமகள் மனத்தாங்கலிலோ "சற்றுப் பொறுத்துப் போ" என்று இருவருக்கும் சொல்லலாம். அடிபட்டு வந்தவளிடம் அச்சொல்லைச் சொல்லி அன்றிரவே அதே அறைக்குத் திருப்பி அனுப்புகிறவர் மத்தியஸ்தர் ஆகார். அடித்தவனுக்குத் துணை போனவர் ஆவார். அத்தகைய வழக்கை அப்போதே மருத்துவமனைக்கும் சட்டம் அறிந்தவர்களிடமும் கொண்டு செல்ல வேண்டும்.

ஊரில் பெண் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். நிக்காஹ் பதிவேட்டின் நகல் ஒன்றை, மஹர்த் தொகை தெளிவாகத் தெரியும்படி ஜமாஅத் முத்திரையுடன் வாங்கி, மகளின் பெட்டியிலேயே வையுங்கள். மருமகன் வீட்டாரிடம் கொடுத்து வைக்க வேண்டாம். மும்பையில் நம்பத்தக்க தமிழ்க் குடும்பம் ஒன்றின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அந்நகலோடு சேர்த்து மடித்து வையுங்கள். அந்தக் குடும்பத்தாரிடம் மட்டும், வண்டி ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.