கடலும் கோர்ட்டும் – 11: தரை தட்டியதா, தட்ட வைத்தார்களா?

போன வாரம் பொய் விளக்கு காட்டி மாலுமிகளை ஏமாற்றுகிறவனைப் பார்த்தோம். அவனுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. இந்த வாரத்து ஆளுக்கு விளக்கெல்லாம் தேவையில்லை. சுக்கானே அவன் கையில் இருக்கிறது. ஏற்றி வரும் சரக்கை அடிப்பதற்காகவே கப்பலை மணல்திட்டில் கொண்டுபோய் ஏற்றுகிறான். இவனுக்குப் பத்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டுதான். நம்பி ஒப்படைத்த கப்பலும் அதிலுள்ள உயிர்களும் பணயமாகின்றன. இந்த வித்தியாசம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 439-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 328. எண்தான் மாறியது, சாரம் அப்படியே. பழைய இந்தியச் சட்டத்தைப் பின்பற்றிய சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் 439-தான்.

கப்பலைச் சேதப்படுத்துவது பற்றிய முந்தைய பிரிவு, மேல்தளம் உள்ள கலமா, 20 டன் தாங்குமா என்றெல்லாம் பார்க்கும். இந்தப் பிரிவு அதைக் கேட்பதில்லை. ஆளையோ சரக்கையோ நீரில் ஏற்றிச் செல்லும் எதுவானாலும் சரி, தோணியும் இதில் அடக்கம். தரை தட்ட வைத்தவன் தானே திருட வேண்டும் என்பதும் இல்லை. வேறொருவன் வந்து அள்ளட்டும் என்ற எண்ணத்தோடு செய்திருந்தால் போதும். கடைசியில் ஒரு மூட்டைகூடக் களவு போகாவிட்டாலும் குற்றம் குற்றமே.

ஆக, எல்லாம் எண்ணத்தில் இருக்கிறது. தெரிந்தே கரையேற்றுவது மட்டும் குற்றமென்றால் குஜராத்தின் அலங்கில் தொழிலே நடக்காது. உடைப்பதற்காக வாங்கிய கப்பல்களை அங்கே பெரிய ஓதம் பார்த்து, முழு வேகத்தில் கரையில் ஏற்றுகிறார்கள்.

2007 ஜனவரியில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. புயலில் உடலில் விரிசல் விட்ட 'எம்எஸ்சி நாப்போலி' கப்பல் நடுக்கடலில் பிளந்துவிடக் கூடாதென்று, அதிகாரிகளே டெவன் மாவட்டத்தின் பிரான்ஸ்கோம் அருகே தரை தட்ட வைத்தார்கள். கண்டெய்னர்கள் கரையொதுங்கின. திருவிழாக் கூட்டம்போல ஜனம் திரண்டு பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்களைக்கூட உருட்டிக்கொண்டு போனது. கரையொதுங்கிய பொருளை எடுத்தால் 28 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். வேண்டுமென்றே தரை தட்ட வைத்ததும் உண்டு, அள்ளியதும் உண்டு. ஆனால் தட்ட வைத்தவர்களிடம் திருட்டு எண்ணம் இல்லை. நம் 328-ஐ வைத்து அளந்தாலும் அவர்கள் மாட்ட மாட்டார்கள்.

2020 ஜூலையில் மொரீஷியஸ் பவளப்பாறையில் ஏறிய 'வகாஷியோ' கப்பல் இதற்கு நேர் எதிர். சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. ஆனாலும் அது கவனக்குறைவு. கேப்டனுக்கும் முதன்மை அதிகாரிக்கும் 20 மாதச் சிறைதான்.

சரி, கேப்டனின் மனசுக்குள் இருந்ததை யார் பார்த்தது? இன்றைக்குப் பெரிய கப்பல்களில் பயணப் பதிவுக் கருவி இருக்கிறது. திசை, வேகம், ரேடார் திரை, கப்பலை இயக்கும் அறையில் நடக்கும் பேச்சு எல்லாம் அதில் பதிவாகும். அது இல்லாத காலத்தில் சுற்றுச் சாட்சியங்கள்தான் கதி. 1980 ஜனவரி 17-ல் செனகல் அருகே மூழ்கிய 'சேலம்' என்ற ராட்சத எண்ணெய்க் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். (நம்மூர்ச் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) குவைத்தில் ஏற்றிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை டர்பனில் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டு, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போய் மூழ்கடித்தார்கள். இங்கே திருட்டு முன்னால், கப்பலை அழித்தது பின்னால், தடயத்தை மறைக்க. அதனால் கண்டிப்பாகப் பார்த்தால் இது 328-க்குள் வராது. கப்பலை அழிக்கும் குற்றத்தில்தான் சேரும். ஆனால் எண்ணத்தை நிரூபிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. காப்பாற்ற வந்த பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் பார்த்தது, பெட்டி படுக்கையோடு படகில் தயாராக உட்கார்ந்திருந்த ஊழியர்களை. கப்பலின் பதிவேட்டை மட்டும் ஒருவரும் எடுத்து வரவில்லை.

(தொடரும்)