வரைந்தால் ஒரு நட்சத்திரம்

டீ ஆறுவதற்குள் குடியுங்கள், சொல்கிறேன். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் ஐஸ்கிரீம் என்று மகளோடு பேசி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். படிக்கவே பிடிக்காத பிள்ளை என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். போன மாதம் வரை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகத்தை விரித்து வைத்தவள் அல்லவா?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் செய்த சோதனை 1973இல் வெளிவந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த 'ஏற்கெனவே'யில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் திடீரென்று நீட்டினார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் கிடையாது.

ஒன்றிரண்டு வாரம் போனது. விளையாட்டு நேரத்தில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். முதல் பிரிவுப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை கொஞ்சமும் குறையவில்லை. ஆக, பரிசைக் குற்றம் சொல்ல முடியாது; முன்கூட்டிப் பேசிய பேரம்தான் விளையாட்டைக் கூலிவேலை ஆக்கியது. கூலி நின்றால் கையும் ஓய்ந்துவிடும்தானே.

தண்டனையிலும் இந்தக் கணக்கு உண்டு. இம்போசிஷன் எழுதியிருப்பீர்களே! வகுப்பில் பேசியதற்கு 'இனிப் பேச மாட்டேன்' என்று 100 தடவை. இரண்டு பேனாவைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதிய ஆசாமி நான். பேச்சு குறைந்ததாக நினைவில்லை. எழுதுவது என்றாலே தண்டனை என்று மட்டும் பல வருடம் மனதில் கிடந்தது. தண்ணீரைக் கொட்டிய பிள்ளையிடம் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறோம் பாருங்கள், அதில் இந்தக் கோளாறு இல்லை. கொட்டியதற்கும் துடைப்பதற்கும் உள்ள தொடர்பு அதற்கே புரியும்.

பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு வேண்டுமானால் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அது தானாகப் பிடித்துவிடுகிற ரகம் இல்லை. கதைப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடிவந்து கதை சொன்னால், "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஐஸ்கிரீமா? ஒரு நாள் சாயங்காலம் காரணம் எதுவும் சொல்லாமல் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள்.