பகடையும் பேயும் – 7: செத்தவருக்கு என்ன வேண்டும்?

சென்ற வாரம் அரக்கர்களை ஆட்ட மேசைக்குக் கொண்டுவந்தோம். இந்த வாரம், செத்தும் சாகாதவர்கள்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதைமாந்தர் ஆட்டத்தின் விதிகளிலேயே இவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. அடியில் எலும்புக்கூடும் ஜோம்பியும். நடுவில் அரபுக் கதைகளிலிருந்து வந்த பிணந்தின்னி 'கூல்', எகிப்திய மம்மி. உச்சியில் வாம்பயர். இடையில் வரும் 'வைட்' என்ற பிணப்பேய் அடித்தால், ஆட்டக்காரர் பாடுபட்டு ஏறிய படிநிலையே ஒன்று இறங்கிவிடும். குழுவில் பூசாரி இருந்தால் பகடையை உருட்டி இவற்றை விரட்டலாம். தேறிய பூசாரி என்றால் சின்னவற்றை அழித்தே விடுவார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தது யார், எப்படிச் செத்தார் என்று கேட்க வேண்டிய அவசியம் அந்த விதியில் இல்லை. அதுதான் எனக்குச் சப்பென்று இருக்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்விக்குக் கல்லிலேயே பதில் உண்டு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற நாம் எண்ணெய்க் குளியல் போட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். இந்த மாவட்டம் நடுகற்களின் சுரங்கம் என்பது பலருக்குத் தெரியாது. மாடு கவர வந்தவர்களை மறித்துச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். பல்லவர், கங்கர் காலத்துக் கற்கள் பலவற்றில் அவன் பெயர், ஊர், செத்த காரணம் எல்லாம் வட்டெழுத்தில் இருக்கும். எழுத்து மறந்துபோனாலும் ஆள் மறக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பல கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கலும் கிடாயும் இன்றும் உண்டு. செத்தவர் ஊரை விட்டுப் போகவில்லை, காவலுக்கு நிற்கிறார் என்பது கணக்கு.

அப்படியானால் கல் கிடைக்காமல் போனவன்? நம் மேசைக்கு வேண்டிய ஆள் அவன்தான்.

பென்னாகரம் மலைக்காட்டு ஓரம் ஓர் ஊரைக் கற்பனை செய்யுங்கள். இரவானால் பட்டியிலிருந்து மாடுகள் கிளம்பிக் காட்டுக்குள் போகின்றன. ஓட்டிப் போகிறவன் அந்தக் கல் கிடைக்காதவன்தான். வெட்டினால் விழுவான், மறுநாள் இரவு எழுந்து வருவான். வாளால் ஆகாது, அவனுக்கு ஒரு கல் எடுக்க வேண்டும். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. ஆறும் ஆறு ஆட்டம். தகுந்த கல்லைத் தேடுவதே ஒரு மாலைக்குப் போதும். ஆற்றில் நீராட்டும்போது முதலை வரட்டும். நட்ட கல்லில் தப்பான பெயரைச் செதுக்கினால், அன்று இரவு அவன் மாட்டை விட்டுவிட்டு ஆட்களைத் தேடி வருவான்.

பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? பேயோட்டுகிறவர்கள் பம்பையும் உடுக்கையும் அடித்து முதலில் கேட்பது, 'நீ யாரு, எந்த ஊரு, என்ன வேணும்?' பெயர் வெளிவந்த பிறகுதான் பேரம். கடைசியில் ஒரு கொத்து முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து முடிப்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: நிஜத்தில் அந்தச் சடங்கில் அடிபடுவது பெரும்பாலும் பெண்கள்தான். அதை மேசையில் வேடிக்கையாக நடத்தாதீர்கள். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும் பிணமும் நம்மிடம் உண்டு. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து அது முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். இவ்வளவு கச்சிதமான பொறியை எந்த விதிப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆட்டம் நடத்துபவர் ஒரு கதையும் ஒரு முரண்டு பிடித்த கேள்வியும் தயார் செய்தால் போதும், பகடையே தேவையில்லை.

தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆட்டம் கட்டுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ அப்படி ஒரு கல் இருந்தால், அதை யார் பேரில் கும்பிடுகிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். படம் எடுக்கும்போது எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.